மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

ராசிக் ஹார்ட் டிஸ்கைத் தன் கையில் வைத்தபோது, பழுது பார்த்துவிட்டவனின் சந்தோஷம் அவன் குரலில் முழுசாக இல்லை என்பதைக் கொன்ஸ்ரன்ரைன் கவனித்தார்.

"உள்ள எல்லாம் ஈக்குது அண்ணன். மூவாயிரத்தி எண்ணூத்திப் பன்னெண்டு பைல். ஆனா பேரு ஒண்டும் வரல்ல. போல்டரும் வரல்ல. எல்லாம் கொட்டிக் கிடக்குது."

"பேர் இல்லாம எப்படி இருக்கும்?"

"நம்பர் ஈக்குது. அத மெஷினே போட்டது. வேல தொடங்க முன்ன ஒரு கொப்பி எடுத்து வெச்சுக்கங்க. என்ட கம்பியூட்டர்ல இடமில்ல, நான் இன்டைக்கே அழிச்சிருவன்."

தெமட்டகொடையில் ராசிக் வைத்திருந்த சின்னக் கடையிலிருந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்ததும் கொன்ஸ்ரன்ரைன் மடிக்கணினியைத் திறந்து டிஸ்கைச் செருகினார். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருள் ஒன்று அதில் உண்டு. பதினைந்து வயதில் பார்வை போன அவருக்குக் கணினி என்றாலே அந்தக் குரல்தான். அது படிக்கத் தொடங்கியது. எஃப், ஒன்று, ஏழு, நான்கு, இரண்டு, எட்டு, பூச்சியம். கீழ் அம்பை அழுத்தினார். எஃப், ஒன்று, ஏழு, நான்கு, ஐந்து, மூன்று, ஆறு. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். இருபதாவது கோப்பில் மடிக்கணினியை மூடிவிட்டு, மனைவி பிலோமினா வைத்த தேநீரைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த டிஸ்கில் இருந்தவை பாடப் புத்தகங்கள். பார்வையில்லாத தமிழ் மாணவர்களுக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஆறு வருடமாகத் தங்கள் வீடுகளில் இருந்து வாசித்துப் பதிவு செய்து அனுப்பிய ஒலிக்கோப்புகள். வரலாறு, புவியியல், அரசியல் விஞ்ஞானம், இந்து நாகரிகம், தமிழ். வவுனியாவிலும் ஹற்றனிலும் மட்டக்களப்பிலும் இருபத்தாறு பேர் அவற்றைத் தொலைபேசியில் போட்டுக் கேட்டுப் படித்தார்கள். எந்தப் பாடம் எங்கே என்று ஒழுங்காக வைத்திருப்பது கொன்ஸ்ரன்ரைனின் பொறுப்பு. சம்பளம் இல்லை. கோட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக அவர் ரெலிபோன் ஒப்பரேட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலை.

கண் தெரிந்தவர்கள் அட்டையில்லாத புத்தகத்தைத் திறந்து ஒரு பார்வை பார்த்தால் விஷயம் முடிந்தது. கேட்டுப் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. வரலாறு வேண்டுமென்றால் 'வரலாறு' என்று அவர் காதில் விழவேண்டும். விழாவிட்டால் மூவாயிரத்து எண்ணூறும் இருந்தும் இல்லாதது போலத்தான். உயர்தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது.

இந்தப் பதிவுகளை நடத்தும் சங்கத்தின் கூட்டத்தில் செயலாளர் கிளைவ் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு பைல் அரை மணித்தியாலம். எல்லாத்தையும் கேட்டுப் பேர் வைக்க ரெண்டாயிரம் மணித்தியாலம் போகும். அதுக்குப் பதிலா முக்கியமான புத்தகங்களத் திரும்ப ரெக்கோர்ட் பண்ணலாம். முடிஞ்சதப் பார்ப்போம்."

எல்லோரும் சரி என்று சொல்லப்போன நேரத்தில் கொன்ஸ்ரன்ரைன் வாயைத் திறந்தார். கூட்டங்களில் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"முழுக்கக் கேக்கத் தேவையில்லையே. வாசிக்கிற எல்லாரும் தொடங்கும்போது சொல்லுவாங்கதானே? வரலாறு, தரம் பன்னெண்டு, பாடம் நாலு, பக்கம் நாற்பத்தொண்டு எண்டு. பத்து செக்கன் போதும்."

"பத்து செக்கன் கேட்டு, நிப்பாட்டி, பேரை டைப் பண்ணி, போல்டருக்குக் கொண்டுபோய்... ஒண்டுக்கே அஞ்சு நிமிஷம் வரும்."

"கேக்கிறது மட்டும் நான். மிச்சத்தக் கம்பியூட்டர் செய்யட்டும். அதுக்குச் சின்னதா ஒரு புரோகிராம், ஸ்கிரிப்ட் எண்டுவாங்க, எழுதலாம்."

"ஆர் எழுதுறது?"

"நான் எழுதிப் பார்க்கிறன்," என்றார். சொன்ன பிறகுதான், வாழ்க்கையில் அப்படி ஒன்றை எழுதியதே இல்லை என்பது உறைத்தது.

அடுத்த மூன்று வாரமும் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அதற்கே போனது. பார்வையில்லாத நிரலாளர்கள் சிலர் இணையத்தில் குரல்வழிப் பாடங்கள் போட்டிருந்தார்கள். ஒரு காதில் பாடம், மறு காதில் ரெலிபோன். ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதில்தான் அந்தக் கணினி மொழியின் அர்த்தமே அடங்கியிருந்தது. கண்ணுள்ளவர்களுக்கு அது தானாகத் தெரியும். இவருக்கு ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "நான்கு இடைவெளி", "எட்டு இடைவெளி" என்று குரல் சொல்லச் சொல்ல விரலில் எண்ணவேண்டியிருந்தது. ஓர் இடைவெளி கூடினாலும் ஸ்கிரிப்ட் ஓடாது. எத்தனையாவது வரியில் பிழை என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை அது நிற்காமல் ஓடியது. பக்கத்து மேசைக்காரர் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கொன்ஸ்ரன்ரைன் மேசையில் தட்டினார்.

அது செய்யும் வேலை இவ்வளவுதான். ஒரு கோப்பின் முதல் பத்து செக்கனைப் போட்டுக்காட்டும். பிறகு காத்திருக்கும். அவர் மூன்று எண்களை அடிப்பார். முதலில் புத்தகத்துக்கான எண், வரலாறு என்றால் 3; பிறகு தரம், பிறகு பாடம். உடனே அந்தக் கோப்புக்கு 'வரலாறு தரம் 12 பாடம் 4' என்று பெயர் வைத்து, வரலாறு என்ற கோப்புறைக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். பக்க எண்ணை அவர் சேர்க்கவில்லை. பாடம் தெரிந்தால் போதாதா என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து முதல் அறுபது கோப்புகளைச் செய்தார். அறுபதும் வரலாறுதான். இருபது நிமிடம் எடுத்தது. எழுந்து ஆடவேண்டும் போலிருந்தது. ராசிக் கொப்பி எடுக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் கொப்பி எடுக்க இன்னொரு டிஸ்க் வாங்கவேண்டும், பெட்டாவுக்குப் போகவேண்டும், அடுத்த கிழமை பார்க்கலாம் என்று விட்டிருந்தார்.

வரலாறு கோப்புறைக்குள் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். நாற்பத்தொன்பது என்றது குரல்.

திரும்பக் கேட்டார். நாற்பத்தொன்பதுதான்.

விஷயம் பிடிபட அரை மணித்தியாலம் ஆனது. நீளமான பாடங்களை வாசிப்பவர்கள் இரண்டு மூன்று துண்டாகப் பதிவு செய்திருந்தார்கள். எல்லாத் துண்டுக்கும் அவர் ஒரே பெயரைக் கொடுத்திருந்தார். ஒரே பெயரில் இரண்டாவது வந்தபோது, ஸ்கிரிப்ட் முதலாவதை அழித்துவிட்டு அதன் இடத்தில் இதை வைத்திருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும்படி அவர் எழுதவும் இல்லை. திங்கட்கிழமை ராசிக் டிஸ்கை மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, "இனி வராது அண்ணன்" என்று மெதுவாகச் சொன்னான். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போனவை எந்தெந்தப் பக்கங்கள் என்று அறிய, மிஞ்சிய துண்டுகளை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். எல்லாம் ஒரே குரல். வெள்ளவத்தையில் தையல் கடை வைத்திருக்கும் நேசமலர். கரையோரம் ரயில் வரும்போதெல்லாம் அவர் வாசிப்பை நிறுத்திக் காத்திருந்து, அது தெஹிவளைப் பக்கம் கடந்த பிறகு விட்ட வசனத்திலிருந்து தொடங்குவார். பெயர்களை அவசரப்படாமல் சொல்வார். ஒரு துண்டில் பாடம் முடிந்தது. ஆனால் பதிவு முடியவில்லை. நிறுத்த மறந்துபோய், யாரோடோ தொலைபேசியில் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"ஓமடி, வாசிச்சு முடிச்சனான். நாலு வருஷமா வாசிக்கிறன். ஆராவது கேக்கினமோ எண்டே தெரியாது. கிணத்துக்குள்ள கதைக்கிற மாதிரிக் கிடக்கு. இதோட விடுவம் எண்டு யோசிக்கிறன்."

கொன்ஸ்ரன்ரைன் அங்கேயே நிறுத்தினார். பதினான்கு மாதமாக நேசமலரிடமிருந்து ஒரு பதிவும் வரவில்லை. தையல் வேலை கூடிவிட்டதாக்கும் என்று அவரும் கிளைவும் பேசிக்கொண்டதுண்டு. ஒருவரும் போன் எடுத்துக் கேட்டதில்லை.

அன்று இரவு பிலோமினாவிடம் சொன்னார். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "போனில கதைக்க வேணாம். நேர போங்க," என்றாள்.

"ரெண்டையும் சொல்லவா? கேட்டதையும்?"

"ரெண்டையும்தான். ஒண்ட மறைச்சிட்டு மற்றதச் சொன்னா அது வேற கதையாப் போயிரும்."

சனிக்கிழமை மட்டக்குளியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி, வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட இறங்கினார். "அய்யே, பரிஸ்ஸமின்" என்று சிங்களத்தில் கவனமாக வரச் சொல்லி, கொண்டக்டர் கையைப் பிடித்து நடைபாதையில் விட்டான். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் மூன்றாவது கேற். தையல் மெஷின் சத்தம் வழிகாட்டியது. அவர் பெயரைச் சொன்னதும் மெஷின் நின்றது.

"கொன்ஸ்ரன்ரைன் தம்பியோ? குரல் தெரியும், ஆள இண்டைக்குத்தான் பாக்கிறன். இருங்கோ, அந்தக் கதிரையில துணி கிடக்கு, எடுக்கிறன்."

அவர் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. டிஸ்க் பழுதானது, பெயர்கள் போனது, தான் எழுதிய ஸ்கிரிப்ட், அது பதினொரு பதிவுகளை விழுங்கியது எல்லாவற்றையும் சொன்னார்.

"பதினொண்டும் என்ரயோ?"

"ஓம் அக்கா. என்ட பிழை. கொப்பி எடுக்காம தொடங்கிட்டன்."

கத்தரிக்கோல் மேசையில் வைக்கப்படும் சத்தம். பிறகு நேசமலர் சிரிப்பது கேட்டது.

"பன்னெண்டாம் தர வரலாறு தானே? அது முழுக்கத் தடிமனோட வாசிச்சனான். மூக்கடைச்சுக் கிடந்தது. போனது நல்லம்."

"இன்னொண்டு இருக்குது அக்கா." அவர் கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஒரு பாடத்தில நிப்பாட்ட மறந்திருக்கிறீங்க. அதுக்குப் பிறகு போன்ல கதைச்சது எனக்குக் கேட்டிட்டுது. வேணுமெண்டு கேக்கல்ல."

"என்ன கதைச்சிருக்கிறன்?"

அவர் சொன்னார். கிணறு என்ற வார்த்தையையும் விடாமல் சொன்னார்.

இந்த முறை சிரிப்பு வரவில்லை. "நான் சொன்னது பிழையோ தம்பி?" என்றார் நேசமலர். "ஓ எல், சாதாரண தரத்தோட பள்ளிக்கூடம் நிண்டவள் நான். இடம்பெயர்ந்து இங்க வந்து மெஷினில இருந்தனான். உயர்தரப் புத்தகத்த முதல்முதல் விரிச்சதே உங்களுக்கு வாசிக்கத்தான். எனக்கு விருப்பம்தான். ஆனால் அனுப்பினா 'கிடைச்சுது' எண்டு ஒரு மெசேஜ் வரும். அவ்வளவுதான். ஆர் கேக்கினம், விளங்குதோ இல்லையோ, ஒண்டும் தெரியாது."

"பிழை இல்ல அக்கா. கேக்கிறாங்க. நாங்கதான் உங்களுக்குச் சொல்லல்ல." அவர் தன் தொலைபேசியை எடுத்துத் தேடினார். வவுனியாவிலிருந்து பாலேஸ்வரி அனுப்பிய குரல்செய்தி ஒன்று இருந்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது, நெசவு நிலையமொன்றில் வேலை செய்துகொண்டு தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எடுக்க இருந்தாள். டிஸ்க் பழுதான செய்தி கேட்டு அனுப்பியது. அதைப் போட்டார்.

"அண்ணை, மற்றதுகள் பிந்தினாலும் பரவாயில்லை, அந்த வரலாறு வாசிக்கிற அக்கான்ர பாடத்த முதல் தேடித் தாங்கோ. அவ வாசிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும். றெயில் வந்தா நிப்பாட்டுவாவே, அந்த இடைவெளிக்க நான் கேட்டத ஒருக்கா எனக்குள்ள சொல்லிப் பாப்பன்."

செய்தி முடிந்த பிறகு நேசமலர் அதை இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் அலுமாரியைத் திறந்தார்.

"புத்தகம் இருக்கு. எந்தப் பக்கத்தில இருந்து எண்டு சொல்லுங்கோ. இண்டைக்கு ரெண்டு பாடம் முடிக்கலாம். பிளவுஸ் கேட்டவை நாளைக்கு வரட்டும்."

அன்று மாலைவரை அவர் வாசித்தார். கொன்ஸ்ரன்ரைன் அசையாமல் இருந்து கேட்டார். வீதியில் பாண் ரொட்டி விற்பவனின் ஓட்டோ பாட்டோடு போனபோது இருவருமாக நிறுத்தி, அது போன பிறகு தொடங்கினார்கள்.

அடுத்த கிழமை கொன்ஸ்ரன்ரைன் புதிய டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்தார். ஸ்கிரிப்டைத் திருத்தினார். இப்போது பக்க எண்ணும் கேட்டு, பெயரில் அதைப் பாட எண்ணுக்கு முன்னால் போடும். ஒரே பெயர் ஏற்கெனவே இருந்தால் எதையும் தொடாமல் நின்று, "இந்தப் பெயர் இருக்கிறது" என்று சொல்லும். ஒவ்வொரு கோப்பும் எந்தப் பெயரிலிருந்து எந்தப் பெயருக்கு மாறியது என்று ஒரு பட்டியலும் எழுதிவைக்கும். முதல் புத்தகம் தயாரானதும் பாலேஸ்வரிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் அழைத்தாள்.

"அண்ணை, புத்தகம் தலைகீழாக் கிடக்கு. நூறாம் பக்கம் முதல் வருது, அதுக்குப் பிறகு நாற்பத்தொண்டு வருது."

அவளுடைய தொலைபேசி, பக்க எண்களைப் பெரிது சிறிது என்று பார்க்கவில்லை. முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கியது. ஒன்றில் தொடங்கும் நூறு, நான்கில் தொடங்கும் நாற்பத்தொன்றுக்கு முன்னால் நின்றது. நாற்பத்தொன்றின் முன்னால் ஒரு பூச்சியம் போட்டு மூன்று இலக்கமாக்கினால் போதும் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நாள் பிடித்தது. மாற்றியது ஒரே ஒரு வரி. அதன்பின் பக்கங்கள் வரிசையாக வந்தன.

பிறகு வேலை ஓடியது. காலையில் அலுவலகத்துக்கு முன் ஒரு மணித்தியாலம். பத்து செக்கன் குரல், நான்கு எண்கள், அடுத்தது. இருபத்தேழு நாளில் மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம் கோப்புகளுக்குப் பெயர் கிடைத்தது. முந்நூற்று நாற்பது மட்டும் அடம்பிடித்தன. வாசித்தவர்கள் பாடத்தின் பெயரைச் சொல்லாமல் தொடங்கியிருந்தார்கள், அல்லது முன்பகுதி கெட்டுப்போயிருந்தது. அவற்றைப் பாடம் கேட்கும் மாணவர்களுக்கே பிரித்து அனுப்பினார். ஆளுக்குப் பதின்மூன்று. பாடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். இரண்டு வசனம் கேட்டதும் பாடத்தைச் சொன்னார்கள். நான்கு நாளில் ஒன்பதைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. அந்த ஒன்பதில் ஒன்று யாரோ வீட்டுப் பிறந்தநாள் பாட்டு. இன்னொன்று முழுக்கக் கிரிக்கெட் வர்ணனை. அதை அழிக்க மனம் வராமல் 'ஏனையவை' என்ற கோப்புறைக்குள் போட்டார்.

பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கும்போது, நேசமலர் திரும்ப வாசித்தவையும் சேர்த்து, எல்லோருக்கும் எல்லாம் போய்ச் சேர்ந்தது. கிளைவ் அடுத்த கூட்டத்தில், "நான் விடச் சொன்னன், இவர் விடல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கொன்ஸ்ரன்ரைன் அதற்குப் பதில், கேட்பவர்கள் மாதம் ஒருமுறையாவது வாசிப்பவர்களுக்குக் குரல்செய்தி அனுப்பவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு இல்லை. முதல் மாதமே நேசமலருக்குப் பதினேழு செய்திகள் போயின. பிளவுஸ் வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டதாகவும், ஹற்றனிலிருந்து ஒரு பிள்ளை புவியியலில் ஒரு படம் விளங்கவில்லை என்று சொன்னதால் அந்தப் படத்தைச் சொல்லில் விவரித்துத் தனியாகப் பதிவு செய்திருப்பதாகவும் அழைத்துச் சொன்னார்.

"பேர் என்ன வைக்க தம்பி? நான் பிழையா வைச்சா உங்கட ஸ்கிரிப்ட் ஏசும்."

"நீங்க வாயால சொல்லித் தொடங்குங்க அக்கா. மிச்சம் அது பார்த்துக்கொள்ளும்."

பெறுபேறு வந்தபோது பாலேஸ்வரிக்கு வரலாற்றில் 'பி', மற்ற இரண்டிலும் 'சி'. பல்கலைக்கழகத்துக்குப் போதுமா என்று வெட்டுப்புள்ளி வந்தால்தான் தெரியும். அவள் அதற்காகக் காத்திருக்காமல், இரண்டாவது தடவை பரீட்சை எடுப்பதற்கான விண்ணப்பத்தையும் வாங்கி வைத்துவிட்டாள். பிறகு அந்த ஸ்கிரிப்டைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள். நெசவு நிலையத்தின் பயிற்சிப் பதிவுகள் எல்லாம் பெயரில்லாமல் கிடக்கின்றனவாம்.

கொன்ஸ்ரன்ரைனின் அலுவலகத்தில் பதிவறைக்குப் பொறுப்பான பெண் அதிகாரி, அவர் எழுதிய ஸ்கிரிப்ட் பற்றிக் கேள்விப்பட்டு, ஒருநாள் அவருடைய மேசைக்கு வந்தார். பழைய கடிதங்கள் ஒன்பதாயிரத்தை ஸ்கேன் செய்து, எது எதுவென்று தெரியாமல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கடிதத்தின் எண்ணும் அதன் மூலையில் அச்சாகியிருப்பதால் கணினியே அவற்றை வாசித்துப் பெயர் வைக்கலாம் என்று கொன்ஸ்ரன்ரைன் சிங்களத்தில் விளக்கினார். எவ்வளவு நாள் வேண்டும் என்று கேட்டார் அதிகாரி. இரண்டு கிழமை, கூடவே இன்னொரு டிஸ்க், ரெலிபோனுக்குப் பகலில் இரண்டு மணித்தியாலம் வேறு ஆள் என்றார் இவர். பத்தொன்பது வருடத்தில் அந்த அலுவலகத்தில் அவர் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்றும் கிடைத்தன.